பிடித்ததும் கட்டியதும் போதுமா? – சம்பளம் கொடுக்கும் வணிகர்களின் ஆண்டுக் கடமைகள்

2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, நம் சங்க அலுவலகத்திற்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் முதலாளி அல்ல. பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேலாளராக இருப்பவர். மகனின் மேற்படிப்புக்காக வங்கியில் கடன் கேட்டிருந்தார். வங்கியில் படிவம் 16 வேண்டும் என்றார்கள். அது அவரிடம் இல்லை.

"முதலாளி மாசா மாசம் என் சம்பளத்துல வரி பிடிக்கிறாருங்க. ஆனா வரி ஆபீஸ் கணக்குல என் பேர்ல ஒரு பைசா கூட இல்லைன்னு சொல்றாங்க. இதை நான் போய்க் கேட்டா, அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும். நீங்க ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

நாம் முதலாளியிடம் பேசினோம். மறுநாளே அவர் கோப்போடு வந்துவிட்டார். பிடித்த வரி முழுவதும் உரிய தேதிகளில் வங்கியில் கட்டப்பட்டிருந்தது. சலான்கள் ஒன்று விடாமல் இருந்தன. நாணயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று மாதத்திற்கு ஒரு முறை தாக்கல் செய்ய வேண்டிய அறிக்கை நான்கு தடவையும் போகவில்லை. முன்பு இருந்த கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனதும், 'பணம் கட்டியாயிற்று, வேலை முடிந்தது' என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

லாரி சர்வீஸில் சரக்கை ஏற்றிவிட்டு, வாடகையையும் கட்டிவிட்டு, பில்டியில் சரக்கு பெறுபவர் பெயரை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? மூட்டை போய்ச் சேரும், கிட்டங்கியில் கிடக்கும், உரியவர் கைக்கு வராது. இங்கும் அதே கதைதான். பணம் அரசாங்கத்திடம் பத்திரமாக இருந்தது. அது யாருடைய பணம் என்று சொல்ல வேண்டிய காகிதம் போகவில்லை.

தாமதக் கட்டணம் செலுத்தி அறிக்கைகளைத் தாக்கல் செய்து, சான்றிதழ் கைக்கு வர ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. அதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் தேதி முடிந்துவிட்டது. முதலாளியே கைமாற்றாகப் பணம் கொடுத்துச் சமாளித்தார். நல்ல முதலாளி என்பதால் சமாளிக்க முடிந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சம்பளம் கொடுக்கும் வணிகருக்கு ஆண்டு முழுவதும் வருமான வரி தொடர்பாக என்ன பொறுப்பு, எந்தத் தேதியில் எந்தப் படிவம், தவறினால் என்ன செலவு என்பதை நம் உறுப்பினர்கள் புரிந்துகொள்ளும்படி சொல்ல முயல்கிறோம். கூட்டு வியாபாரம் செய்வோர் 'பங்குதாரர்களும் வரிப் பிடித்தமும்' என்ற பகுதியை அவசியம் படிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அவர்களுக்குப் புதிய கடமை ஒன்று வந்திருக்கிறது.

முதலில் ஒரு முன்குறிப்பு

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திற்குப் பதிலாக, 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியுள்ளன. சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லும் பழைய 192ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 392ஆம் பிரிவு. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர் வந்திருக்கிறது. ஆனால் 2025-26 நிதியாண்டின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும். கடைகளில் எல்லோர் வாயிலும் பழகிய பெயர்கள் பழைய பெயர்களே என்பதால், இங்கே அவற்றையே பயன்படுத்தி, 2025-26 கணக்கை உதாரணமாக வைத்து விளக்குகிறோம். எண்கள் மாறினாலும் பிடித்தல், கட்டுதல், அறிக்கை கொடுத்தல், சான்றிதழ் வழங்குதல் என்ற நான்கு படிகள் மாறவில்லை.

எந்தக் கடைக்கு இந்தப் பொறுப்பு?

'நாம் சின்னக் கடை, நமக்கு டி.டி.எஸ். கிடையாது' என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். இது பாதி உண்மை.

வாடகை, கான்ட்ராக்ட் கூலி போன்றவற்றில் வரி பிடிப்பதற்குத் தனிநபர் வணிகருக்கு விற்றுமுதல் வரம்பு ஒன்று உண்டு. பொதுவாக, முந்தைய ஆண்டில் 1 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் நடந்திருந்தால் அந்தப் பொறுப்பு வரும். ஆனால் சம்பளத்திற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. கடை சிறியதோ பெரியதோ, வரி விழும் அளவுக்குச் சம்பளம் கொடுத்தால் பிடித்தே ஆக வேண்டும்.

அந்த அளவு எது? 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி, 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி மூலம் வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 75,000 ரூபாய் சேர்வதால், ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை வரி பிடிக்க வேண்டியதில்லை. ஊழியர் பழைய முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் நிலைக் கழிவு 50,000 ரூபாய். வரி இல்லாத வருமானம் 5 லட்சம். ஆக, பழைய முறையில் வேறு கழிவுகள் எதுவும் இல்லாத ஊழியருக்கு 5,50,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனாலே வரி வரும். ஊழியர் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிட வேண்டும். எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த முறை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எடை போடுபவர், பொட்டலம் கட்டுபவர், பில் போடும் பெண், சரக்கு வண்டி ஓட்டுநர் ஆகியோரின் சம்பளம் இந்த வரம்பைத் தொடப் போவதில்லை. ஒரு ஊழியருக்கும் வரி பிடிக்காத கடைக்குச் சம்பள அறிக்கை தேவைப்படுவதில்லை. ஏற்கனவே டான் எண் வாங்கி வைத்திருப்போர், அந்தக் காலாண்டுக்கு அறிக்கை தர வேண்டிய நிலை இல்லை என்று வரித்துறையின் ட்ரேசஸ் தளத்தில் அறிவித்துவிட்டால் வீண் நோட்டீஸ் வராது.

ஆனால் மொத்த வியாபார மண்டிகளில் மேலாளருக்கும், கடையில் உட்காரும் மகனுக்கும் மருமகனுக்கும் நல்ல சம்பளம் எழுதுகிறோம். அங்கேதான் கவனம் வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மேலாளரின் மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 14,40,000. நிலைக் கழிவு 75,000 போக 13,65,000. இதில் முதல் 4 லட்சத்திற்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்திற்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்திற்கு 10 சதவீதம், 40,000. மீதி 1,65,000க்கு 15 சதவீதம், 24,750. மொத்தம் 84,750. இதன் மேல் செஸ் 4 சதவீதம், 3,390. ஆக 88,140 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345 ரூபாய் பிடிக்க வேண்டும். மார்ச் மாதத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பிடிக்க வேண்டும் என்பதே சட்டம். அந்த ஊழியருக்கும் கடைசி மாதத்தில் சம்பளமே இல்லாமல் போகும் நிலை வராது.

நான்கு படிகள்

படி 1: பிடித்தல். இதற்கு முன்பே கடைக்கு டான் எண் இருக்க வேண்டும். பான் எண் வேறு, டான் எண் வேறு. பான் எண் வரி செலுத்துபவரின் அடையாளம். டான் எண் வரி பிடிப்பவரின் அடையாளம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறையில் இதற்கு 49பி என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டான் எண் வாங்காமல் விட்டாலோ, தவறாகக் குறிப்பிட்டாலோ 10,000 ரூபாய் அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடம் இருந்தது. அதோடு, யாருக்கு வரி பிடிக்கிறோமோ அவருடைய பான் எண்ணை அட்டையைப் பார்த்தே எழுத வேண்டும். வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதினால் ஓர் எழுத்து மாறிவிடும். வரி வேறொருவர் கணக்கில் ஏறும். பான் எண் தராதவருக்கும், பான் எண்ணை ஆதாருடன் இணைக்காததால் அது செயலிழந்து போனவருக்கும், வரி பிடிக்க வேண்டிய தொகை இருந்தால் பொதுவாகக் குறைந்தது 20 சதவீதம் பிடிக்க நேரிடும்.

படி 2: கட்டுதல். ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ந் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். அந்தப் பணம் நம்முடையது அல்ல. கல்லாவில் பணம் இருக்கிறது என்பதற்காக அதைச் சரக்கு வாங்கச் சுழற்றுவது, வைத்துப் போகச் சொன்ன பொருளை எடுத்து விற்பதற்குச் சமம்.

படி 3: அறிக்கை. எந்தச் சலானில் யாருக்காக எவ்வளவு கட்டினோம் என்று சொல்வது இதுதான். நம் மேலாளர் விஷயத்தில் விட்டுப்போன படியும் இதுதான். சம்பளத்திற்கு 24கியூ என்ற படிவம். சம்பளம் அல்லாத மற்றவற்றிற்கு 26கியூ. ஆண்டுக்கு நான்கு முறை. நான்காவது முறை, அதாவது ஜனவரி முதல் மார்ச் வரையான அறிக்கையில், 24கியூவில் ஒவ்வொரு ஊழியரின் ஆண்டு முழுமைக்குமான சம்பளம், கழிவுகள், வரி ஆகிய விவரங்களையும் இணைக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு என்று பார்த்தால் இந்த நான்காவது அறிக்கையே உயிர்நாடி. இது சரியாகப் போனால்தான் படிவம் 16 சரியாக வரும்.

படி 4: சான்றிதழ். சம்பளக்காரருக்குப் படிவம் 16, ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் 15க்குள். மற்றவர்களுக்குப் படிவம் 16ஏ, ஒவ்வொரு காலாண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 15 நாளுக்குள். இவற்றை வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுக்கும் காலம் போய்விட்டது. ட்ரேசஸ் தளத்திலிருந்து எடுத்த சான்றிதழ்தான் செல்லும். அறிக்கை தாக்கலாகாமல் அந்தத் தளத்தில் சான்றிதழ் பிறக்காது. உரிய நேரத்தில் கொடுக்காவிட்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதத்திற்கு இடம் உண்டு.

பங்குதாரர்களும் வரிப் பிடித்தமும்

நம் உறுப்பினர்களில் அண்ணன் தம்பியாக, மாமன் மச்சானாகக் கூட்டு வியாபாரம் செய்வோர் அதிகம். 'நாங்களே முதலாளி, எங்களுக்கு நாங்களே வரி பிடிப்பதா?' என்று கேட்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆம், பிடிக்கத்தான் வேண்டும்.

பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194-டீ என்ற பிரிவு இதைச் சொல்கிறது. (இன்சூரன்ஸ் கமிஷனுக்கான 194டி வேறு. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் உச்சரிப்பு ஒன்று போல இருப்பதால் குழம்ப வேண்டாம். இது டீக்கடை 'டீ'.) கூட்டு நிறுவனம் தன் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், ஊதியம், கமிஷன், போனஸ், மூலதன வட்டி ஆகியவை சேர்ந்து ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால், 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். விற்றுமுதல் வரம்பு எதுவும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால்தான் என்பதும் இல்லை. பங்குதாரரின் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலே போதும், வரி பிடித்ததாக வேண்டும். லாபத்தில் பங்கு இதில் சேராது. தனி ஒருவர் நடத்தும் கடைக்கு இது பொருந்தாது.

மூன்று சகோதரர்கள் நடத்தும் ஓர் அரிசி மண்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 3,00,000. ஒவ்வொருவரின் மூலதனமும் 10 லட்சம். 12 சதவீத வட்டி, 1,20,000. ஆளுக்கு 4,20,000 ரூபாய். இதில் பிடிக்க வேண்டியது 42,000. மூவருக்கும் சேர்த்து 1,26,000 ரூபாய்.

இப்போது நம் கடைகளின் வழக்கத்தை யோசியுங்கள். பங்குதாரர்கள் மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கிறோம். பேரேட்டில் 'எடுப்பு' என்று எழுதுகிறோம். சம்பளத்தையும் வட்டியையும் ஆடிட்டர் செப்டம்பர் மாதம் தணிக்கைக்கு உட்காரும்போது, மார்ச் 31ந் தேதி போட்டு மொத்தமாக வரவு எழுதுகிறார். பல்லாண்டு காலமாக இப்படித்தான் நடந்து வருகிறது. 194-டீ வந்த பிறகு இந்த வழக்கமே வம்பாகிறது. வரவு மார்ச் 31ந் தேதி என்றால், வரி கட்ட வேண்டிய தேதி ஏப்ரல் 30. அறிக்கைத் தேதி மே 31. ஆடிட்டர் கணக்கை எடுக்கும்போது இரண்டும் தாண்டியிருக்கும்.

அந்த அரிசி மண்டி, மார்ச் 31ந் தேதி பிடித்ததாக எழுதிய வரியைச் செப்டம்பர் 30ந் தேதி கட்டி, அன்றே 26கியூ அறிக்கையையும் தாக்கல் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சேர்ந்து 122 நாள், 24,400 ரூபாய். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்ததற்கு மாதம் 1.5 சதவீத வட்டி. துறையின் கணிப்பொறி மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் முழு மாதமாக எண்ணும். மார்ச் முதல் செப்டம்பர் வரை 7 மாதம், 10.5 சதவீதம், 13,230 ரூபாய். இரண்டும் சேர்ந்து 37,630 ரூபாய். ஒரு ரூபாய் வரிகூட ஏமாற்றவில்லை. தேதியைத் தவறவிட்டதற்கு மட்டும் இவ்வளவு. ஒரு மூட்டை அரிசிக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். எத்தனை மூட்டை விற்று இதை ஈடுகட்டுவது?

வரியே பிடிக்காமல் விட்டால் இன்னும் மோசம். பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காத செலவில் 30 சதவீதத்தை நிறுவனத்தின் செலவாக ஏற்க மாட்டார்கள். மூவரின் 12,60,000 ரூபாயில் 3,78,000 ரூபாய் மீண்டும் நிறுவனத்தின் வருமானத்தில் சேரும். கூட்டு நிறுவனத்திற்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் போட்டால் 1,17,936 ரூபாய். பின்னொரு ஆண்டில் வரியைப் பிடித்துக் கட்டும்போது அந்தச் செலவை ஏற்பார்கள் என்றாலும், அதுவரை நம் முதல் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு வழி என்ன? நாம் சொல்வது மூன்று.

ஒன்று, கூட்டுப் பத்திரத்தை எடுத்து, சம்பளம் மாதாமாதமா, ஆண்டு முடிவிலா, வட்டி எப்போது என்று பாருங்கள். தெளிவில்லாவிட்டால் ஆடிட்டரோடு பேசித் திருத்தி எழுதுங்கள். மாதாமாதம் எடுக்கும் பணம் சம்பளமா, மூலதனத்திலிருந்து எடுப்பதா என்பது பேரேட்டிலும் தெளிவாக இருக்க வேண்டும். சம்பளம் என்று எழுதிக் கொடுத்தால் கொடுக்கும்போதே வரி பிடிக்க வேண்டும்.

இரண்டு, ஆண்டு முடிவில் வரவு வைப்பதானால், செப்டம்பர் வரை காத்திருக்காமல் மார்ச் கடைசி வாரத்திலேயே உத்தேசக் கணக்கை எடுத்து வரியைக் கட்டிவிடுங்கள். லாபம் கூடினாலும் குறைந்தாலும் சம்பளமும் வட்டியும் பத்திரத்தில் எழுதியபடிதான். அவற்றைக் கணக்கிடுவது கடினமல்ல.

மூன்று, பங்குதாரர் ஒவ்வொருவரும் தம் சொந்த வருமான வரி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். மேலே சொன்ன சகோதரர்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால், 4,20,000 ரூபாய்க்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதே இல்லை. பிடித்த 42,000 முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால் நிறுவனம் 26கியூவைத் தாக்கல் செய்யாவிட்டால், அந்தத் தொகை பங்குதாரரின் 26ஏஎஸ் பட்டியலில் ஏறாது. ஏறாத தொகை திரும்பவும் வராது. மூத்தவர் கவனக்குறைவால் இளையவர் பணம் நின்றுபோனால் அது வியாபாரத்தோடு நிற்குமா? குடும்பத்திற்குள்ளும் மனத்தாங்கல் வரும்.

தவறு நேர்ந்துவிட்டால்

மனிதர் செய்யும் வேலையில் தவறு வரத்தான் செய்யும். பான் எண் மாறியிருந்தாலும், சலான் எண் பிழையாக இருந்தாலும், திருத்த அறிக்கை தாக்கல் செய்து சரி செய்யலாம். முன்பெல்லாம் இதற்குக் கால வரம்பே இல்லாமல் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆறு ஆண்டு வரம்பு வந்தது. புதிய சட்டத்தில் அது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

தாமதக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும், அந்த அறிக்கைக்கு உரிய வரித் தொகைக்கு மேல் போகாது என்பது சிறு ஆறுதல். ஆனால் அதோடு முடியாது. அறிக்கையைத் தாக்கல் செய்யாமலே விட்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10,000 முதல் 1,00,000 ரூபாய் வரை தனி அபராதம் விதிக்கலாம். வரி, வட்டி, கட்டணம் எல்லாம் செலுத்தி, கடைசித் தேதியிலிருந்து ஒரு மாதத்திற்குள் தாக்கல் செய்துவிட்டால் இந்த அபராதத்திலிருந்து தப்பலாம். இந்த அவகாசம் முன்பு ஓராண்டாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு மாதமாகக் குறைந்தது. நோட்டீஸ் வந்தால் கல்லாவுக்குக் கீழே போட்டு வைக்காமல் அன்றே ஆடிட்டரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ரொக்கச் சம்பளம்: ஓர் எச்சரிக்கை

வரி விழாத ஊழியர்கள் விஷயத்திலும் ஒரு கவனம் தேவை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். இது சரக்குக்கு மட்டும் என்று நினைக்கிறோம். சம்பளத்திற்கும் உண்டு. மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தை முதல் தேதியன்று ரொக்கமாக எண்ணிக் கொடுத்தால், அந்தச் செலவு முழுவதும் கணக்கில் அடிபட்டுப் போகலாம். ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். மூன்று ஊழியர் என்றால் 5,40,000. இல்லாத லாபத்திற்கு வரி கட்ட வேண்டி வரும். எனவே சம்பளத்தை வங்கிக் கணக்கு மூலமாகவே கொடுப்பது நல்லது. ஊழியருக்கும் நாளைக்குக் கடன் வாங்க அதுவே சான்றாகும்.

சம்பளப் பதிவேட்டில் ஊழியர் பெயர், பான் எண், மாதச் சம்பளம், அட்வான்ஸ், பிடித்தம், கையொப்பம் ஆகியவை இருந்தால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆண்டு முழுவதும் காணும்.

தொழில் வரியை மறக்க வேண்டாம்

இது வருமான வரித்துறையோடு சேராதது. தமிழ்நாட்டில் ஊழியரின் அரையாண்டுச் சம்பளத்தைப் பொறுத்து, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய தொழில் வரியை முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு வரம்பு வைத்துள்ளது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இவ்வரி இல்லை. முதலாளியும் தம் பெயரில் தொழில் வரி கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

கல்லாவுக்கு மேல் ஒட்டி வைக்க

2025-26 கணக்குக்குச் சட்டம் சொன்ன தேதிகளைக் கீழே தருகிறோம்.

மாதந்தோறும் 7ந் தேதி: முந்தைய மாதம் பிடித்த வரியைக் கட்டுதல்.
2025 ஜூலை 31: ஏப்ரல் முதல் ஜூன் வரையான அறிக்கை (24கியூ, 26கியூ). 16ஏ சான்றிதழ் ஆகஸ்ட் 15.
2025 அக்டோபர் 31: ஜூலை முதல் செப்டம்பர் வரை. சான்றிதழ் நவம்பர் 15.
2026 ஜனவரி 31: அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சான்றிதழ் பிப்ரவரி 15.
2026 ஏப்ரல் 30: மார்ச் மாதம் பிடித்த வரியைக் கட்டுதல்.
2026 மே 31: ஜனவரி முதல் மார்ச் வரை, ஊழியரின் முழு ஆண்டு விவரத்துடன்.
2026 ஜூன் 15: ஊழியருக்குப் படிவம் 16, பங்குதாரருக்கும் மற்றவருக்கும் 16ஏ.

இந்த வேலைகளையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நாம் இருந்துவிடுவது இயற்கை. அவர் படிவத்தை நிரப்புவார், தாக்கல் செய்வார். ஆனால் விவரத்தை நேரத்தோடு கொடுக்க வேண்டியவர் நாம். சட்டத்தின் முன் கையெழுத்துப் போடுபவரும் நாமே. ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் ஆடிட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'அறிக்கை தாக்கலாகிவிட்டதா? அதற்கான ரசீது எங்கே?' ரசீதைச் சலானோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். ஊழியரிடமும் பங்குதாரரிடமும் தம் 26ஏஎஸ் பட்டியலில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆடி மாதம் நம் அலுவலகத்திற்கு வந்த அந்த மேலாளர், இருபது ஆண்டுகளாக ஒரு கடையின் சாவியை வைத்திருப்பவர். கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் இரவே தேடிக் கண்டுபிடிப்பவர். தம் பணம் எங்கே என்று முதலாளியிடம் கேட்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நம் கடைகளில் வேலை செய்யும் யாருக்கும் அந்தச் சங்கடம் இனி வரக் கூடாது. அதற்கு ஆண்டுக்கு நான்கு முறை ஒரு காகிதம் நேரத்தில் போனால் போதும்.